இரையே அணியான வரலாறு: சுபர்ணனும் சுமுகனும்

எம்பெருமான் அரவணைமேல் பள்ளிகொண்டருளும் திவ்யதேசங்களில் எதிரெதிரே இரண்டைச் சேவிக்கிறோம். திருமேனிக்குக் கீழே பாம்பு படுக்கையாக விரிந்திருக்கிறது. சந்நிதிக்கு நேரே கைகூப்பியவண்ணம் புள்ளரசர் எழுந்தருளியிருக்கிறார். பாம்பும் அதைக் கொத்தித் தின்னும் பறவையும் ஒரே சந்நிதியில் பகையின்றிக் கைங்கர்யம் செய்கின்றன. பழக்கத்தால் நமக்கு இது வியப்பாகத் தோன்றுவதில்லை. ஆயினும் இந்நிலை ஒரு நாளில் வாய்த்ததன்று. பெரும்பசி கொண்டு பிறந்த ஒரு பறவை, வியாக்கியாதாக்கள் பரிவோடு 'பெரிய திருவடி' என்று வழங்கும் நித்தியஸூரியாக நூல்களில் காட்டப்பெறுவதற்கு இடையில் நெடிய வரலாறு உண்டு.

அவ்வரலாற்றின் நடுவே ஒரு கேள்வியும் நிற்கிறது. தன்னைச் சரணம் புகுந்த பாம்பை எம்பெருமான் அதன் பகைவன் கையிலேயே கொடுத்தான் என்று பொய்கையாழ்வார் அருளிச்செய்கிறார். அடைக்கலமாக வந்தவனைப் பகைவனிடம் ஒப்படைத்தல் சரணாகத ரக்ஷணத்திற்கு ஒக்குமோ? புள்ளரசரின் வரலாற்றை முதலிலிருந்து நோக்கினாலன்றி இக்கேள்விக்கு விடை தெளிவாகாது.

வேதத்துப் பறவை

ருக்வேதத்தின் நான்காம் மண்டலத்தில் 26, 27-ஆம் ஸூக்தங்கள் சோமத்தை வானிலிருந்து கொணர்ந்த சியேனத்தைப் போற்றுகின்றன. சியேனம் என்பது பருந்து, வல்லூறு முதலிய வேட்டைப் பறவைகளுக்கான பெயர். சோமத்தைக் காத்த கிருசானு எய்த அம்பினால் அதன் சிறகொன்று உதிர்ந்ததும் அங்கே சொல்லப்பெறுகிறது. முதல் மண்டலத்தின் 164-ஆம் ஸூக்தத்தில் 'சுபர்ணன்', 'கருத்மான்' என்னும் திருநாமங்கள் இடம்பெறுகின்றன.

தைத்திரீய ஸம்ஹிதையின் ஆறாம் காண்டத்தில் இக்கதை மேலும் விரிகிறது. கத்ருவும் சுபர்ணியும் பந்தயம் இட, சுபர்ணி தோற்கிறாள். மூன்றாம் உலகிலுள்ள சோமத்தைக் கொணர்ந்தால் விடுதலை என்பது நிபந்தனை. சுபர்ணியின் மக்களாகிய சந்தஸ்ஸுகள் ஒவ்வொன்றாகப் பறந்து செல்கின்றன. ஜகதியும் திருஷ்டுப்பும் சோமத்தைப் பெறாமல் மீள, காயத்ரியே அதனைக் கொணர்கிறாள். இரண்டு ஸவனங்களைக் கால்களாலும் ஒன்றை வாயாலும் பற்றிவந்தவள், வாயால் பற்றியதை உறிஞ்சிவிட்டாள் என்கிறது ஸம்ஹிதை. ஆதலால்தான் மூன்றாம் ஸவனத்தில் முன்பே பிழிந்த சக்கையைப் பிழிகின்றனர் என்று வேள்விமுறைக்கும் காரணம் காட்டுகிறது.

இக்குறிப்பு ஊன்றி நோக்கத்தக்கது. வேதத்துப் பறவை தாயின் பொருட்டுப் பறந்தது. ஆயினும் வாயில் இருந்ததைச் சுவைத்தது.

அக்நிசயனத்தில் சியேன வடிவாகச் சிதி அமைக்கும் முறை இப்பறவைக்கு வேள்விச்சாலையில் உடம்பு தந்தது. அடுக்கொன்றுக்கு 200 கற்களாக ஐந்து அடுக்குகளில் 1000 செங்கற்கள் கொண்டது அச்சிதி. ஸ்தோமத்தைத் தலையாகவும் ஸாமங்களைச் சிறகுகளாகவும் உரைத்துக் கருத்மானை விளிக்கும் மந்திரமும் அங்கே விநியோகம் பெறுகிறது. பிற்காலத்தில் ஆளவந்தார் ஸ்தோத்திர ரத்நத்தில் இவரை வேதமே வடிவானவர் என்று அருளியதற்கு வித்து இதுவாம்.

இதிகாசத்துப் பசி

மஹாபாரதத்தின் ஆதிபர்வத்தில், ஆஸ்தீக பர்வத்துள், கதை முழு உருப்பெறுகிறது. உச்சைச்ரவஸ்ஸின் வாலின் நிறம் குறித்து இட்ட பந்தயத்தில் கத்ரு வஞ்சனையால் வென்று விநதையை அடிமை கொள்கிறாள். முட்டையைப் பிளந்து வெளிவந்த கருத்மானைக் கண்ட தேவர்கள் அக்நியே பெருகி எரிகிறான் என்று அஞ்சித் துதிக்கின்றனர். அவர் தம் உருவையும் தேஜஸ்ஸையும் சுருக்கிக்கொள்கிறார்.

பின்னர் அவருடைய பசியை வியாஸர் சிறிதும் மறைக்காமல் சொல்கிறார். தாய் சொற்படி நிஷாதர்களை விழுங்குகிறார். அப்போதும் ஓர் அந்தணன் தொண்டையைச் சுட, அவனை விடுவிக்கிறார். தன் மனைவியான நிஷாதப் பெண்ணும் உடன் வரவேண்டும் என்று அவன் வேண்ட, அவளையும் விடுகிறார். அப்பசியும் அடங்கவில்லை. தந்தையாகிய கச்யபர், பொருட்பகையால் ஒருவரையொருவர் சபித்து யானையும் ஆமையுமாகப் பிறந்து போரிடும் உடன்பிறந்தார் இருவரைக் காட்டுகிறார். அவ்விரண்டையும் நகங்களில் இடுக்கிக்கொண்டு ஆலமரக் கிளையில் அமர, கிளை முறிகிறது. அதில் வாலகில்ய முனிவர்கள் தலைகீழாகத் தொங்கித் தவம் புரிவதைக் கண்டு, அவர்களுக்குத் தீங்கு நேராதபடி கிளையை அலகில் கவ்வியபடியே பறந்து திரிகிறார். உண்ண இடம் இல்லை, இரையோ காலில், அலகில் தவசிகள். கொன்று தின்னும் அலகே காக்கும் அலகாகவும் ஆவதை இதிகாசம் முதன்முதலாக இங்கே காட்டுகிறது.

அடுத்தது அமுதம் கொணர்தல். சுழலும் சக்கரத்தின் ஆரங்களுக்கு இடையே உடலைச் சுருக்கி நுழைந்து, காவலிருந்த பாம்புகளை வென்று, அமுத கலசத்தை எடுத்துக்கொண்டு பறக்கிறார். தாம் ஒரு துளியும் பருகவில்லை. பசியே உருவானவர் அமுதத்தைக் கையில் வைத்துக்கொண்டும் சுவைக்காமல் போகிறார். தைத்திரீயத்தின் காயத்ரிக்கும் பாரதத்தின் கருத்மானுக்கும் உள்ள வேற்றுமை இதுவே. அவருடைய 'அலௌல்யம்', அதாவது நாவின் ஆசைக்கு இடங்கொடாமை, கண்டு நாராயணன் உகந்தான் என்று மூலமே காரணம் கூறுகிறது. அவ்வுகப்பினால் எம்பெருமான் வரம் தர, இவர் கொடியில் மேலே நிற்கும் நிலையையும் அமுதின்றியே அழியாமையையும் வேண்டிப் பெறுகிறார். தாமும் ஒரு வரம் தர முன்வர, எம்பெருமான் இவரைத் தன் வாகனமாகக் கொள்கிறான். ஆக, வலிமை கண்டு வாகனமாக்கியதன்று. அடக்கம் கண்டு ஆட்கொண்டது.

ஆயினும் கதை அவ்வளவில் இனிதாக முடியவில்லை. இந்திரன் வரம் கேட்கச் சொன்னபோது, தாய்க்கு இழைத்த வஞ்சனையை நினைந்து பாம்புகள் தமக்கு இரையாகவேண்டும் என்றே கேட்கிறார். தமக்கென அமுதத்தை விரும்பாதவர், தாயின் பொருட்டுக் கொண்ட சினத்தை விடவில்லை. இச்சினமே அடுத்த வரலாற்றின் தொடக்கம்.

கொடியும் முத்திரையும்

கல்வெட்டுகளில் இப்பறவை கொடிக்கம்பத்தின்மீது தோன்றுகிறது. மத்தியப் பிரதேசத்து விதிசைக்கு அருகே பேஸ்நகரில் கி.மு. 2-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நிறுத்தப்பெற்ற தூண் நன்கு அறியப்பெற்றது. தக்ஷசிலையைச் சேர்ந்த யவனன் ஹீலியோடோரஸ், அந்தியால்கிதஸ் என்னும் யவன மன்னனின் தூதனாக பாகபத்ரன் அவைக்கு வந்தவன். தன்னைப் 'பாகவதன்' என்று கூறிக்கொண்டு, தேவதேவனாகிய வாஸுதேவனுக்கு அவன் எடுத்த கருடத்வஜம் இது. தூணின் உச்சியில் இருந்த பறவை இன்று இல்லை, எழுத்து நிற்கிறது. அமுதநிலைக்கு இட்டுச்செல்லும் அடிகள் மூன்று என அது கூறுகிறது: தமம், த்யாகம், அப்ரமாதம், அதாவது அடக்கம், துறவு, சோர்வின்மை. அமுதத்தைக் கொணர்ந்தும் சுவைக்காதவரின் கொடிக்கம்பத்தில் அடக்கமே அமுதத்தின் முதற்படி என்று எழுதப்பெற்றிருப்பது எத்துணைப் பொருத்தம்!

பேரரசர்கள் இப்பறவையின் வேட்டையையே பெரிதும் விரும்பினர். குப்தர் நாணயங்களில் கருடத்வஜம் பொலிகிறது. கருட முத்திரை பொறித்த ஆணையை வேண்டி மன்னர்கள் வந்தனர் என்கிறது ஸமுத்ரகுப்தனின் அலாஹாபாத் தூண் கல்வெட்டு. செருக்கால் படமெடுத்த அரசர்களாகிய பாம்புகளுக்குக் கருடனைக் கொண்டு மாற்றுச் செய்தவனாக ஸ்கந்தகுப்தனைப் புகழ்கிறது 5-ஆம் நூற்றாண்டின் ஜூனாகட் கல்வெட்டு. அரசர்கள் கண்டது அலகையும் நகத்தையும். பாம்புக்கு அபயம் உண்டா என்பது அவர்களுக்குத் தேவைப்படாத கேள்வி.

7-ஆம் நூற்றாண்டில் ஹர்ஷர் இயற்றிய நாகாநந்தம் அக்கேள்வியை வேறு வழியில் எழுப்பிற்று. சங்கசூடன் என்னும் நாகனுக்கு மாற்றாக ஜீமூதவாஹனன் தன் உடலையே கருடனுக்கு இரையாக்குகிறான். அதுகண்டு கருடன் வருந்தித் திருந்துகிறான். பௌத்த கருணையின் சாயல் படிந்த அந்நாடகத்தில் வேட்டைப் பறவை தன் செயலுக்கு நாணி வேட்டையைக் கைவிடுகிறது. நம் ஆழ்வார்கள் காட்டும் நெறி வேறு.

சுமுகன்

உத்யோக பர்வத்தில், கண்ணன் தூது சென்ற அவையில், கண்வ முனிவர் துரியோதனனுக்கு ஒரு கதை கூறுகிறார். இந்திரனின் தேர்ப்பாகனாகிய மாதலி தன் மகள் குணகேசிக்கு மணமகன் தேடி, சுமுகன் என்னும் நாகனைத் தேர்கிறான். அவன் தந்தையைக் கருத்மான் முன்பே உண்டுவிட்டார். ஒரு திங்களில் அவனையும் உண்பதாகச் சொல்லிச் சென்றிருக்கிறார். மாதலி அவனை இந்திரனிடம் அழைத்துச் செல்கிறான்; எம்பெருமானும் அங்கே இருக்கிறான். இந்திரன் சுமுகனுக்கு அமுதம் தராமல் நீண்ட ஆயுளை மட்டும் தருகிறான். தமக்கு விதித்த இரை பறிபோயிற்று என்று கருத்மான் சினந்து வந்து, எம்பெருமானைச் சுமக்கும் தம் சிறகின் வலிமையைச் செருக்கோடு பேசுகிறார். எம்பெருமான் தன் ஒரு கையை அவர் தோளில் வைக்கிறான். அதன் பாரம் தாங்காது சிறகுகள் உதிர வீழ்கிறார். பிழை பொறுக்க வேண்டுகிறார். அப்போது எம்பெருமான் திருவடியின் பெருவிரலால் சுமுகனை எடுத்து அவர் மார்பின்மீது இடுகிறான். அன்றுமுதல் அவர் அப்பாம்போடு கூடியே வாழ்கிறார். கதையைக் கேட்ட துரியோதனன் தொடையைத் தட்டிச் சிரித்தான். அவன் சிரித்ததை ஆழ்வார்கள் உகந்து பாடினர்.

திருமங்கையாழ்வார், பெரிய திருமொழியின் ஐந்தாம் பத்தில் திருவரங்கநாதனிடம் சரணம் புகும் எட்டாம் திருமொழியில், வெருவி வந்த பாம்பைப் புள்ளுக்கு அடைக்கலமாகக் கொடுத்த அருளைத் தம் சரணாகதிக்குச் சான்றாகக் காட்டுகிறார். பொய்கையாழ்வார் முதல் திருவந்தாதியின் 80-ஆம் பாசுரத்தில் இன்னும் நுட்பமாக, அவ்வரவைப் பகைவனின் கையிலேயே கொடுத்தவனுக்கன்றி வேறொருவர்க்கு ஆட்படுவரோ என்று வினவுகிறார்.

முன் எழுப்பிய கேள்விக்கு விடை இங்கே கிடைக்கிறது. பாம்பை எம்பெருமான் தன் பக்கலிலேயே வைத்துக் காத்திருக்கலாம். அப்போது பாம்பு பிழைக்கும். பகை பிழைத்தே இருக்கும். எம்பெருமான் பார்க்காத நொடியை நினைந்து பாம்பு அஞ்சியவண்ணமே இருக்கும். அன்றிப் பறவையைத் தண்டித்து விலக்கியிருக்கலாம். அப்போது ஓர் அடியாரைக் காக்க மற்றோர் அடியாரை இழந்ததாகும். எவனைக் கண்டு அஞ்சினானோ அவனே 'இவனுக்கு நான் காவல்' என்று ஏற்கும்படி செய்தலே முழுமையான ரக்ஷணம். மேலும், பறவை செய்த அபசாரமும் அக்காவலாலேயே தீர்ந்தது. வீழ்ந்த புள்ளுக்கும் வெருவிய பாம்புக்கும் ஒரே செயலால் வாழ்வு தந்தமையை உணர்ந்தே 'வேறொருவர்க்கு ஆட்படுவரோ' என்று பாசுரம் முடிகிறது.

இரையும் அணியும்

சுமுகன் மார்பில் தங்கிய பின் அவன் இரையல்லன், அணி. இந்நுட்பத்தைத் தமிழ் முன்னரே கண்டுகொண்டது. கடுவன் இளவெயினனார் பாடிய பரிபாடலின் நான்காம் பாடல், திருமாலின் கொடிமேல் இருப்பவருக்குத் தொடியும் முடியணியும் பூணும் பாம்பாகவே இருக்க, அவர் தாக்கும் இரையும் பாம்பே என்று அடுக்கிச் செல்கிறது. இரையை மறைக்கவும் இல்லை. அணியை மறக்கவும் இல்லை.

தியான சுலோகத்தில் அவ்வணிகள் பெயர் பெறுகின்றன. அநந்தன் இடக்கைக் கடகம், வாஸுகி பூணூல், தக்ஷகன் அரைநாண், கார்க்கோடகன் ஆரம், பத்மனும் மஹாபத்மனும் குண்டலங்கள், சங்கன் முடியணி, குளிகன் தோள்களின் இடையே. திருநறையூர் நாச்சியார்கோயிலில் கல் கருடனைச் சேவிப்பார் திருமேனியில் நாகங்களையே ஆபரணமாகக் காண்பர். எழுந்தருளப்பண்ணும்போது 4, 8, 16, 32, 64 எனப் பாதந்தாங்குவோர் பெருகும் அத்தலத்து வழக்கமும் பிரஸித்தம்.

ஸ்வாமி வேதாந்த தேசிகன் (1268–1369) அருளிய கருட பஞ்சாசத் இந்நெடிய வரலாற்றைத் தன் அமைப்பாலேயே காட்டுகிறது. பரவ்யூஹம், அமிருதாஹரணம், நாகதமனம், பரிஷ்காரம், அத்புதம் என ஐந்து வர்ணகங்கள். அமுதம் கொணர்ந்ததற்குப் பின் நாகங்களை அடக்கியது. அதற்குப் பின்னரே பரிஷ்காரம், அதாவது அணிபூண்டமை.

அப்பிரபந்தம் பற்றிய ஐதிஹ்யமும் இதற்கு இயைந்ததே. காஞ்சியில் பாம்பாட்டி ஒருவன் ஸ்வாமியை வாதுக்கு அழைத்துப் பாம்புகளை ஏவினான். அவர் கீறிய கோடுகளைத் தாண்டிச் சங்கபாலன் வந்தபோது கருட தண்டகத்தை அநுஸந்திக்க, புள்ளரசர் இறங்கி அதனைக் கவர்ந்து சென்றார். பிழைப்பை இழந்த பாம்பாட்டி கண்ணீரோடு திருவடியில் வீழ்ந்தான். ஸ்வாமி கருட பஞ்சாசத்தை அருள, கவர்ந்த பாம்பு உயிரோடு திரும்பக் கிடைத்தது என்பர்.

கவ்விய இரையைத் திரும்பக் கொடுத்த வேட்டைப் பறவையை உலகக் கதைகளில் தேடினால் எளிதில் கிடையாது. அலகும் நகமும் அன்றிருந்தபடியே இருக்கின்றன. அவை இருக்கும் கை எவனுடையதோ, அவன் இட்ட பணியே மாறிற்று. ஆதலின் திருவரங்கத்துக் கருட மண்டபத்தில் பேருருவாக வீற்றிருக்கும் பெரிய திருவடியின் முன் நின்று, உள்ளே அரவணையைச் சேவிக்கச் செல்லும் அடியார்க்கு அச்சம் என்பது இல்லை. அஞ்சத்தக்கவரே நமக்குக் காவலாக அங்கே முன்னிற்கிறார்.