நாய்முடி நூல்

நாயின் உடலிலிருந்து சீவியோ கத்தரித்தோ எடுத்த மென்முடியை நூற்றுப் பெறும் இழை நாய்முடி நூல் எனப்படும். இன்று இது பெரும்பாலும் நாய் வளர்ப்போரின் வீட்டுக் கைவேலை. சீப்பில் சிக்கும் முடியை மாதக்கணக்கில் பைகளில் சேர்த்து வைத்து, நூற்று, தொப்பியோ கழுத்துத் துண்டோ பின்னிக்கொள்கிறார்கள். இந்த நூலுக்காகவே ஒரு நாயினத்தைத் தனியே பிரித்து வளர்த்த மக்கள் வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழ்ந்தார்கள். ஆகவே இதைச் செல்லப்பிராணிப் பிரியர்களின் விளையாட்டு என்று ஒதுக்கிவிட முடியாது.

குளிர்நாட்டு நாய்களுக்கு ரோமம் இரண்டு அடுக்காக இருக்கும். மேலே நீண்டு முரடாகக் கிடப்பது மழையையும் பனியையும் தடுக்கும். அடியில் பஞ்சுபோல் அடர்ந்திருப்பது உடற்சூட்டைக் காக்கும். நூற்க உதவுவது இந்த அடிமுடிதான். மேல்முடி கலந்தால் துணி உடம்பில் குத்தும். சமோயெட், சௌ சௌ, கிரேட் பிரனீஸ் போன்ற இனங்கள் பருவம் மாறும்போது அடிமுடியைக் கற்றை கற்றையாக உதிர்க்கும் என்பதால் அவற்றுக்கு மதிப்பு. செம்மறிக் கம்பளியில் உள்ள சுருளும் மீள்தன்மையும் நாய்முடியில் குறைவு. இழுத்தால் நீளும், பழைய நிலைக்குத் திரும்பாது. தனி நாய்முடியில் பின்னிய ஸ்வெட்டர் கொஞ்ச நாளில் தொங்கிப்போவது இதனால்தான். அனுபவப்பட்டவர்கள் முறுக்கைக் கூட்டி நூற்பார்கள், அல்லது செம்மறிக் கம்பளியைச் சேர்த்துக்கொள்வார்கள்.

மேலே சொன்ன மக்கள் கரையோர சலிஷ் மக்கள். இன்றைய வாஷிங்டன் மாநிலமும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவும் சேரும் கடலோரம் அவர்கள் நாடு. ஐரோப்பியர் வரும்வரை அங்கே செம்மறி கிடையாது. கம்பளிக்கு இருந்த ஒரே காட்டு விலங்கு மலையாடு. அது உயர்ந்த சிகரங்களில் திரிவது. வேட்டையாடியோ, புதர்களில் சிக்கிய முடியைப் பொறுக்கியோ, மலைவாழ் குழுக்களிடம் பண்டமாற்றாக வாங்கியோதான் அதன் ரோமம் கிடைக்கும். தீவுகளிலும் கரையிலும் வாழ்ந்தவர்களுக்கு இது எட்டாத தூரம். அந்தக் குறையை நிரப்பியது கம்பளி நாய்: வெள்ளை நிறம், நிமிர்ந்த காது, சுருண்ட வால், நடுத்தரத்துக்கும் சிறிய உடல்.

இந்த நாய்களைப் பெண்கள் வளர்த்தார்கள், உடைமையும் அவர்களுடையதே. ஊரில் திரியும் வேட்டை நாய்களோடு கலந்துவிடாதபடி பட்டிகளிலோ சிறு தீவுகளிலோ ஒதுக்கி வைத்து, படகில் போய்த் தீனி வைத்தார்கள். சால்மன் உள்ளிட்ட மீன்களே முக்கிய உணவு. ரோமத்தை மட்டிச்சிப்பிக் கத்தியால் ஒட்ட வெட்டினார்கள். வெட்டிய முடியில் வெண்மண்ணைத் தூவி, மரவாளால் அடித்து எண்ணெய்ப்பிசுக்கு நீக்கினார்கள். நீரில் வாழும் நுண்பாசிகளின் ஓடுகள் படிந்து உண்டான மண் அது. பிறகு மலையாட்டு ரோமம், பறவைத்தூவி, ஃபயர்வீட் செடியின் விதைப்பஞ்சு என்று கைக்குக் கிடைத்ததைச் சேர்த்துத் திரித்தார்கள். அவர்களுடைய தக்களி நம் கைத்தக்களியைப் போன்ற சிறு கருவி அன்று. நீண்ட கழியில் செதுக்கு வேலைப்பாடுள்ள பெரிய மர வட்டைக் கோத்து, இரு கையாலும் சுழற்றித் தடித்த நூல் எடுப்பார்கள். அதை இரு குறுக்குக் கட்டைகள் கொண்ட தறியில் போர்வையாக நெய்தார்கள். போர்வை என்பது அங்கே செல்வம். பாட்லாட்ச் எனப்படும் கொடைவிழாக்களில் அதைப் பகிர்ந்தளிப்பதே ஒரு குடும்பத்தின் பெருமையைக் காட்டியது.

1792 மே மாதம் பியூஜெட் சவுண்டுக்கு வந்த ஆங்கிலக் கடலோடி ஜார்ஜ் வான்கூவர் இந்த நாய்களைப் பொமரேனியனோடு ஒப்பிட்டு எழுதினார். அக்காலப் பொமரேனியன் இன்றைய மடிநாயைவிடப் பெரியது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். இங்கிலாந்துச் செம்மறிகளைப் போல அவை தோலொட்ட மழிக்கப்பட்டிருந்தன என்றும், வெட்டிய ரோமம் ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினாலும் பிரியாத அளவுக்கு அடர்த்தியாக இருந்தது என்றும் குறித்தார். 1808இல் ஆற்றுவழியே கடலை நோக்கி வந்த சைமன் ஃபிரேசரும் நாய்முடி விரிப்புகளைப் பற்றி எழுதியிருக்கிறார். 1847இல் விக்டோரியா கோட்டைப் பகுதிக்கு வந்த ஓவியர் பால் கேன் வரைந்த படத்தில் ஒரு பெண் நெய்கிறாள், இன்னொருத்தி நூற்கிறாள், முன்னே ஒரு வெள்ளை நாய் நிற்கிறது. தனித்தனிக் கோட்டுச் சித்திரங்களைப் பின்னர் கூடத்தில் இணைத்து வரைந்த படம் அது. நேரில் கண்ட ஒரே காட்சி என்று கொள்ளக் கூடாது. மூலப்படம் டொரன்டோவின் ராயல் ஒன்டாரியோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த இனம் அருகி, பின் மறைந்தது. ஹட்சன் பே நிறுவனம் கொண்டுவந்த ஆலைப் போர்வைகள் மலிவாகக் கிடைத்ததால் நாய்களைப் பேணும் தேவை போய்விட்டது என்பது நெடுங்காலம் சொல்லப்பட்ட விளக்கம். அது பாதிக் கதைதான். பெரியம்மை பலமுறை பரவி ஊர்களைக் காலியாக்கியது. 1862இல் விக்டோரியாவில் தொடங்கிய பரவல் அவற்றில் கொடியது. கனடா அரசு 1885 முதல் 1951 வரை பாட்லாட்சைச் சட்டத்தால் தடுத்தது. பிள்ளைகள் உறைவிடப் பள்ளிகளுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். நெய்யத் தெரிந்தவர், கற்க வேண்டியவர், போர்வையைக் கொடுக்கும் விழா ஆகிய மூன்றும் இல்லாத இடத்தில் நாய் மட்டும் எப்படி நிலைக்கும்? சலிஷ் மூத்தோர் சொல்லிவருவதும் இதுதான்: அரும்பொருளாகப் பேணிய உயிரை யாரும் மலிவுப் போர்வைக்காகக் கைவிடவில்லை.

அவர்கள் கூற்றுக்கு வலுச்சேர்த்தது மட்டன் என்ற நாய். அமெரிக்காவுக்கும் இன்றைய கனடாவுக்கும் இடையிலான எல்லையை அளந்த குழுவோடு பணியாற்றிய இனவியலாளர் ஜார்ஜ் கிப்ஸ் வளர்த்த இந்தக் கம்பளி நாய் 1859இல் இறந்தது. அதன் தோலும் ரோமமும் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்து, ஒன்றரை நூற்றாண்டு அநேகமாக மறக்கப்பட்டுக் கிடந்தன. 2023 டிசம்பரில் ‘சயின்ஸ்’ இதழில் ஆட்ரி லின், லோகன் கிஸ்லர் முதலியோர் அதன் மரபணுத் தொகுதியை ஆராய்ந்து எழுதினார்கள். சலிஷ் மூத்தோரும் நெசவாளர்களும் அந்த ஆய்வில் பங்கேற்றார்கள். மட்டனின் மரபில் ஏறக்குறைய 85 விழுக்காடு ஐரோப்பியர் வருகைக்கு முந்தைய அமெரிக்க நாய்களுடையது. அயல் நாய்கள் வந்து பல பத்தாண்டுகள் கழிந்தும் கலப்பு இவ்வளவுதான் என்றால் வளர்த்தவர்கள் எவ்வளவு கவனமாக இருந்திருக்க வேண்டும்! மற்ற நாய்களிலிருந்து இந்த வழி 5,000 ஆண்டுகளுக்கு முன்புவரைகூடப் பிரிந்திருக்கலாம் என்றும் அந்த ஆய்வு கணித்தது. முடி வளர்ச்சி தொடர்பான மரபணுக்களில் தேர்வின் தடயங்கள் தெரிந்தன.

போர்வைகளையும் ஆராய்ந்திருக்கிறார்கள். 2011இல் கரோலின் சோலாஸோ குழு அருங்காட்சியகத் துணிகளின் புரதங்களைப் பரிசோதித்தது. பழைய போர்வைகள் சிலவற்றில் நாய்முடி உறுதியானது. ஆனால் மலையாட்டு ரோமத்தோடு கலந்தே இருந்தது. நாய்முடிப் போர்வை என்று பெயர் பெற்றவை அனைத்தும் அப்படியே அல்ல என்று இதிலிருந்து தெரிகிறது.

சலிஷ் பெண்கள் நாய்முடியை நெய்தார்களே தவிரப் பின்னவில்லை. ஊசிப் பின்னல் ஐரோப்பியர் வழியே வந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வான்கூவர் தீவில் செம்மறிகள் பெருகிய பின், கரையோர சலிஷ் மக்களில் ஒரு பிரிவினரான கௌவிச்சன் பெண்கள் தடித்த நூல் எடுக்கும் தங்கள் பழைய திறத்தைப் புதிய ரோமத்தில் காட்டினார்கள். கனடாவின் புகழ்பெற்ற கௌவிச்சன் ஸ்வெட்டர் பிறந்தது அப்படித்தான்.

பிற இடங்களில் நாய்முடி அவ்வப்போது தலைகாட்டியது. முதல் உலகப் போரின்போது பிரிட்டனில் தன்னார்வப் பெண்கள் நாய்களைச் சீவிய முடியைச் சேகரித்து நூற்று, படைவீரருக்கான கதகதப்பு ஆடைகளுக்கு அனுப்பினார்கள். அமெரிக்காவில் கெண்டல் குரோலியஸ், ஆன் பிளாக் மான்ட்கோமரி இருவரும் 1994இல் வெளியிட்ட செய்முறை நூல் இக்கைவேலையை வீடுகளுக்குள் கொண்டுபோனது. நாய்முடி நூலுக்குச் சியங்கோரா என்ற பெயரும் இன்று வழங்குகிறது.

செய்முறை எளிது. முடியைக் கத்தரிக்காமல் சீவியெடுக்க வேண்டும். வெட்டிய நுனிகள் குத்தும். ஈரமில்லாமல், காற்றோட்டமுள்ள துணிப்பையில் சேர்க்க வேண்டும். வெந்நீரில் தேய்த்து அலசினால் முடி கட்டிபட்டுவிடும் என்பதால் இளஞ்சூட்டு நீரில் சோப்புப் போட்டு ஊறவைத்து, அலைக்கழிக்காமல் எடுப்பது வழக்கம். நன்றாகக் கழுவிய நூலில் நாய்வாடை இருக்காது; மழையில் நனைந்தால் வீச்சம் கிளம்புமோ என்ற பயத்தைப் பெரும்பாலும் கழுவலிலேயே போக்கிவிடலாம். பின்னிய துணியை உடுத்த உடுத்த அதன் மேல் மென்முடி எழும்பி, அங்கோரா முயல் ரோமத்தைப் போல் தோன்றும்.