ஏடும் ஆட்டமும்: பள்ளி நூலகத்தில் விளையாட்டின் இடம்

புதுவயல் முதலிய செட்டிநாட்டு ஊர்களின் பழைய வீடுகளிலே பல்லாங்குழி, தாயம், பரமபதம் ஆகியவை தலைமுறைதோறும் வழங்கிவந்தன. இவை வெறும் பொழுதுபோக்கு அல்ல. 14 குழிகளில் முத்துகளை இட்டுச் சென்ற சிறுமி எண்ணவும் முன்னறிந்து கணிக்கவும் கற்றாள். இரு தாயக்கட்டைகளின் புள்ளிகளைச் சேர்த்துச் சொன்ன சிறுவன் கூட்டலைக் கற்றான். பரமபதப் படமோ ஒருவகையில் நூலே ஆகும். அதன் பாம்புகள் புராண அசுரரின் பெயர்களைத் தாங்கி நிற்கும். வீழ்ந்த பிள்ளை அப்பெயருக்குரிய கதையைப் பெரியோரிடம் கேட்டறியும்.

இவ்விளையாட்டு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் பரவியபோது, அங்கும் முதலில் நற்குண தீக்குணங்கள் கட்டங்களில் எழுதப்பெற்றன. நாளடைவில் அவை மறையவே, எண்ணும் ஏணியும் பாம்புமே எஞ்சின. எழுத்து நீங்கியபோது போதனையும் நீங்கிற்று என்பது நாம் கவனிக்கத்தக்கது.

கல்வியையும் விளையாட்டையும் இணைக்கும் எண்ணம் திருச்சபை வரலாற்றிற்கும் புதிதன்று. இலத்தீன் மொழியில் 'லூதுஸ்' என்னும் ஒரே சொல் பள்ளியையும் விளையாட்டையும் குறிக்கும். மொராவிய சகோதரர் சபையின் பேராயரான கொமேனியுஸ் (1592–1670), ஹங்கேரியின் சாரோஷ்பட்டாக் நகரில் பணியாற்றிய காலத்தில், தம் மொழிப் பாடநூலை 8 நாடகங்களாக்கி மாணவரையே நடிக்கச் செய்தார்.

நம் நாட்டில், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான சீ. இரா. அரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் முதலாவது, நூல் பயன்படுவதற்கே உரியது என்பதாகும். அவ்வாறாயின், அலமாரியை அணுகத் தயங்கும் பிள்ளையை நூலிடம் அழைத்துவரும் வழி யாது? 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல், அட்டைகளையும் கற்றல் ஏணியையும் வகுப்பறைக்குள் கொணர்ந்தது. நூலகமும் இதனை மேற்கொள்ளலாம்.

தாயக்கட்டை சூதிற்கு வழிகோலும், நூலகத்தின் அமைதி கெடும் எனச் சிலர் அஞ்சுவர். இவ்வச்சம் முற்றிலும் காரணமற்றதன்று. ஆயினும் சூதாவது பணயத்தினால்; கட்டையினால் அன்று. அமைதிக்கோ, வாரத்தில் ஒரு வேளையை ஆட்டத்திற்கென ஒதுக்கினால் போதும். மெய்யான ஆபத்து வேறிடத்தில் உள்ளது: ஆட்டம் ஆட்டமாகவே முடிந்து, நூலைத் தொடாமற் போவதே அது. ஆகவே, தாம் வாசித்த கதையிலிருந்து பாம்புகளுக்கும் ஏணிகளுக்கும் பெயரிட்டுப் பிள்ளைகளே படம் வரையட்டும். பெயரிடுவதற்கு அவர்கள் மீண்டும் ஏட்டைத் திறந்தே ஆகவேண்டும். சபைப் பள்ளிகளின் பொறுப்பேற்கவிருக்கும் நாம், பூட்டிய அலமாரியின் அமைதியைக் கல்வி என்று எண்ணிவிடலாகாது.