மூலையில் இருந்த எஞ்சின்

அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்தில் உறவினர் ஒருவர் வீட்டில் சில நாள் தங்கியிருந்தேன். அடுத்த வீட்டுப் பெரியவருக்கு எண்பது வயதுக்கு மேல் ஆகியிருந்தது. அவருடைய காரோ அவரைவிட மூத்தது. 1915-ஆம் வருஷத்து டி மாடல் ஃபோர்டு. அவருடைய பாட்டனார் புதிதாக வாங்கியது. விடிந்ததும் ஷெட்டைத் திறந்துகொண்டு அதனிடம் போய்விடுவார். ஒரு நாள் நானும் கூடப் போனேன்.

கார் வாசலைப் பார்த்து நின்றது. கறுப்பு உடம்பு; மரத்தால் ஆன ஆரக்கால்கள்; பளபளவென்று தேய்த்து வைத்த பித்தளை ரேடியேட்டர். ஆனால் என் கண் போனது ஷெட்டின் மூலைக்கு. அங்கே மரச் சட்டம் ஒன்றின்மேல், வெள்ளைத் துணி போர்த்தி, தனியாக ஓர் எஞ்சின் உட்கார்ந்திருந்தது.

“அது என்ன?” என்று கேட்டேன்.

“அதுதான் என் பாட்டனார் வாங்கிய கார்” என்றார்.

“அப்படியானால் இது?”

“இதுவும் அதே கார்தான். இந்த விஷயத்தில்தான் எனக்கும் என் சிநேகிதர்களுக்கும் சண்டை” என்று சொல்லிச் சிரித்தார்.

அந்தச் சண்டை வாசகர்களுக்குப் புரிய வேண்டுமானால், அந்தக் காரின் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

ஹென்றி ஃபோர்டு இந்தக் காரை வெளியிட்டது 1908 அக்டோபரில். அப்போது விலை 850 டாலர். சாதாரண மனிதனுக்கு எட்டாத தொகைதான். 1913-இல் ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில், ஆட்கள் வண்டியைத் தேடிப் போகாமல் வண்டி ஆட்களைத் தேடி நகர்ந்து வரும்படி ஏற்பாடு செய்தார்கள். பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த அடிச்சட்ட வேலை அடுத்த வருஷத்துக்குள் சுமார் 93 நிமிஷத்தில் முடிந்தது. விலை சரிந்துகொண்டே வந்து, 1925-இல் மிக மலிவான ரகம் 260 டாலருக்குக் கிடைத்தது. 1927 மே மாதம் உற்பத்தியை நிறுத்தும்போது ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்றிருந்தது. நம் தேசத்துக்கு வந்தவை பெரும்பாலும் கனடாவில் செய்தவை.

இத்தனை கோடிப் பேர் ஏறிய காரை, இன்றைக்கு நம் டிரைவர் ஒருவரிடம் கொடுத்தால் திகைத்து நின்றுவிடுவார். தரையில் மூன்று பெடல்கள். இடது பெடலை அழுத்தினால் முதல் கியர். விட்டுவிட்டால் மேல் கியர். பாதியில் பிடித்தால் நியூட்ரல். நடுப் பெடல் பின்னால் போக. வலது பெடல்தான் பிரேக். வேகத்தைக் கூட்டுவதற்குக் காலுக்கு வேலையே இல்லை. ஸ்டீரிங்கின் கீழே ஒரு சிறு தண்டை விரலால் தள்ள வேண்டும். பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, முன் ஆசனத்தைத் தூக்கி, தொட்டிக்குள் ஒரு குச்சியை விட்டு அளக்க வேண்டும். அந்தத் தொட்டியிலிருந்து பெட்ரோல் தானாக வழிந்து எஞ்சினுக்குப் போகிற ஏற்பாடு. ஆகவே செங்குத்தான மேட்டில் எஞ்சின் பட்டினி கிடக்கும். மனிதர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? காரைத் திருப்பிக்கொண்டு பின்பக்கமாகவே மேடேறினார்கள்!

ஃபோர்டு தம் காரை எளிதில் மாற்றுகிற ஆசாமி அல்ல. 1914 முதல் 1925 வரை கறுப்பைத் தவிர வேறு வர்ணமே பூசவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் வாங்கினவர்கள் சும்மா இருக்கவில்லை. காரில் இல்லாததையெல்லாம் விற்பதற்கென்றே ஒரு பெரிய வியாபாரம் கிளம்பிவிட்டது. தண்ணீரைச் சுழற்ற பம்பு, குலுக்கலைக் குறைக்க ஸ்பிரிங், மழைக்குத் திரை, வேகம் காட்டும் மீட்டர் என்று தபாலிலேயே தருவித்தார்கள். இரண்டே கியர் போதவில்லை என்று பின் அச்சில் பூட்ட ரக்ஸ்டெல் என்ற கருவி வந்தது. அதில் ஓர் ஆபத்து உண்டு. காரின் கால் பிரேக் பிடிப்பது சக்கரத்தை அல்ல, கியர்ப்பெட்டிக்குள் சுழலும் ஓர் உருளையை. ரக்ஸ்டெல் இரண்டு கியருக்கும் நடுவில் நின்றுவிட்டால் அந்த உருளைக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்துபோகும். இறக்கத்தில் பிரேக்கை எவ்வளவு மிதித்தாலும் கார் நிற்காது. அதற்காகப் பின் சக்கரத்தையே வெளியிலிருந்து கவ்விப் பிடிக்கும் ‘ராக்கி மவுண்டன்’ பிரேக்குகள் வந்தன.

வேகப் பைத்தியம் பிடித்தவர்களுக்கு லூயி செவ்ரொலே சகோதரர்கள் ‘ஃபிரான்ட்டெனாக்’ என்ற பெயரில் எஞ்சினுக்குப் புதுத் தலைப்பாகம் செய்து கொடுத்தார்கள். 1923-இல் இண்டியனாபலிஸ் 500 மைல் பந்தயத்தில் அந்தத் தலை பூட்டிய ஃபோர்டு ஒன்று ஐந்தாவதாக வந்தது. ஃபோர்டின் விற்பனையைப் பின்னால் முறியடித்த காருக்கும் இந்தச் செவ்ரொலேயின் பெயர்தான். ஆனால் அவர் அந்தக் கம்பெனியை விட்டுச் சில வருஷங்களிலேயே வெளியேறிவிட்டவர். பிழைப்புக்கு ஃபோர்டு காரைத் திருத்திக்கொண்டிருந்தார்!

இனி சண்டைக்கு வருவோம். பழைய கார்களைப் போற்றும் சங்கங்கள் அமெரிக்காவில் 1930-களிலேயே தோன்றிவிட்டன. 1935-இல் பென்சில்வேனியாவில் ஆரம்பித்த புராதன மோட்டார் சங்கம் அவற்றில் பெரியது. இத்தகைய சங்கங்களின் கண்காட்சிகளில் கார் தொழிற்சாலை வாசலைத் தாண்டியபோது எப்படி இருந்ததோ அப்படி இருக்கிறதா என்று நடுவர்கள் பார்க்கிறார்கள். மாறியிருந்தால் மதிப்பெண் குறையும்.

நம் பெரியவருடைய கார் 1915-ஆம் வருஷத்தது. ஸ்டார்ட்டர் கிடையாது. முன்னால் குனிந்து, கைப்பிடியைச் சுற்றிக் கிளப்ப வேண்டும். தீப்பொறித் தண்டை மேலே தள்ள மறந்தால் எஞ்சின் எதிர்ப்புறமாக உதைக்கும், மணிக்கட்டு முறியும். அதனால்தான் கட்டைவிரலைக் கைப்பிடியைச் சுற்றிப் பிடிக்கக்கூடாது என்பது அந்தக் காரின் முதல் பாடம். எழுபத்தெட்டாவது வயதில் அவருடைய தோள் மறுத்துவிட்டது. வைத்தியரும் கூடாது என்றார். இரண்டு வருஷம் கார் ஷெட்டிலேயே நின்றது.

தொழிற்சாலை ஸ்டார்ட்டர் பூட்டத் தொடங்கியது 1919-இல். அதற்குப் பிந்திய எஞ்சின் ஒன்றைப் பெரியவர் தேடி வாங்கினார். பழைய சட்டத்தில் அது பொருந்தி உட்கார்ந்தது. பாட்டனார் காலத்து எஞ்சின் மூலைக்குப் போயிற்று.

இதில் என்ன தவறு என்று தோன்றும். ஆனால் அந்தக் காலத்து ஃபோர்டுக்கு எஞ்சினில் பொறித்த எண்ணே காரின் எண். ஜாதகம் முழுவதும் அதில்தான். “நீ காரை மூலையில் வைத்துவிட்டு வேறு எதையோ ஓட்டிக்கொண்டிருக்கிறாய்” என்று சிநேகிதர்கள் சொல்லிவிட்டார்கள்.

உண்மையைச் சொன்னால், நான் முதலில் சிநேகிதர்களின் கட்சிதான். பத்திரிகையில் தொடராக வந்த கதையைப் புத்தகமாக்கும்போது ஒரு வரியை மாற்றக்கூட எனக்குக் கை வராது. அவர்கள் சொன்னதை அவரிடம் நானும் சொன்னேன்.

“இரண்டு வருஷம் நின்றதே, அப்போது அசலாகத்தான் இருந்தது. ஒருவரும் வந்து பார்க்கவில்லை” என்றார் அவர்.

பிறகு என்னைக் காரின் பின்னால் அழைத்துப் போனார். பின் அச்சில் ரக்ஸ்டெல். சக்கரங்களில் ராக்கி மவுண்டன் பிரேக்குகள். 1920-களில் பாட்டனார் பூட்டியவை. கறாரான சிநேகிதர்கள் அவற்றையும் கழற்றச் சொல்கிறார்களாம். எனக்கு அங்கேதான் மனம் மாறியது. எந்த நாளைய கார் அசல்? தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்ட அந்த ஒரு நாள்தான் சரித்திரம் என்றால், பாட்டனார் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு பயமில்லாமல் இறக்கத்தில் இறங்கிய வருஷங்களை என்ன செய்வது? அந்தக் காரைத் திருத்திக்கொண்டே ஓட்டியதுதான் அதன் சரித்திரத்தில் பெரும்பகுதி.

ஆனாலும் எல்லாத் திருத்தமும் ஒன்றாகிவிடாது. இதே பழைய ஃபோர்டுகளின் சட்டத்தை வெட்டி, பெரிய எஞ்சினைத் திணித்து, ‘ஹாட் ராட்’ என்று வேகம் விடும் வழக்கம் கலிபோர்னியாவில் வேரூன்றியது. அதில் சாமர்த்தியம் உண்டு. திரும்பி வர வழி இல்லை. நம் பெரியவர் ஒரு துவாரம்கூடப் புதிதாகப் போடவில்லை. கழற்றிய ஒவ்வொரு திருகும் டப்பாவில் இருக்கிறது. மேலே, எங்கிருந்து எடுத்தது என்று சீட்டு ஒட்டியிருக்கிறது. நாளைக்கு யாராவது மனம் வைத்தால் 1915-ஆம் வருஷத்தை மறுபடி பூட்டிவிடலாம். வீட்டைப் புதுப்பித்தவர் பழைய கதவை எரிக்காமல் வைத்திருக்கிறார்.

மாலையில் அவருடைய பேத்தி வந்தாள். பதினேழு வயதிருக்கும். தரையிலிருந்த ஸ்டார்ட்டர் குமிழைக் குதிகாலால் அழுத்தினாள். கார் உதறிக்கொண்டு எழுந்தது. இருபத்தைந்து மைல் வேகத்தில் ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தோம். பெரியவர் பின் ஆசனத்தில், ஒரு காதை எஞ்சின் பக்கம் சாய்த்தபடி பேசாமல் வந்தார்.

திரும்பியதும் அந்தப் பெண் நேரே மூலைக்குப் போய்த் துணியை எடுத்தாள். பிளக்குகளைக் கழற்றி, நான்கு சிலிண்டருக்குள்ளும் சில சொட்டு எண்ணெய் விட்டாள். மாதம் ஒரு முறை சுற்றாவிட்டால் இறுகிப்போய்விடும் என்றாள். பிறகு குனிந்து கைப்பிடியைப் பிடித்து மெதுவாகச் சுற்றினாள். அது கிளம்பப் போவதில்லை, உதைக்கவும் போவதில்லை. இருந்தாலும் கட்டைவிரலை வெளியில்தான் வைத்திருந்தாள்.