கடல்நாகைக் காரோணமும் கடல் வாணிகமும்

துறைமுகம் என்றவுடன், பெருங்கலங்கள் கரையை அணைந்து நிற்கும் ஆழ்ந்த துறையே பலர் நினைவில் எழும். சோழவள நாட்டின் கீழ்க்கரையில் அமைந்த நாகப்பட்டினத்திற்கு இயற்கை அத்தகைய வாய்ப்பை அளிக்கவில்லை. இங்குக் கரையோரக் கடல் ஆழமற்றது. ஆகவே கலங்கள் தொலைவிலேயே நங்கூரமிட்டு நிற்க, சரக்குகள் தோணிகளில் ஏற்றிக் கொணரப்பட்டன. கடுவையாற்றின் முகத்துவாரமே அத்தோணிகளுக்குப் புகலிடமாயிற்று. வடகிழக்குப் பருவக்காற்று வீசுங்கால் அதுவும் எளிதன்று.

இத்துணை இடர்ப்பாடிருந்தும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இப்பட்டினம் கடல் வாணிகத்தில் சிறந்து விளங்கியதற்குக் காரணம் யாது? பின்னே காவிரி பாயும் நெல்வயல்களும் நெசவூர்களும். முன்னே ஈழமும், கடாரமும், அவற்றிற்கு அப்பால் சீனமும். ஆயினும் நிலவளமும் நீர்வழியும் மட்டும் போதா. அயல்நாட்டார் தம் பொருளை நம்பி இறக்கக்கூடிய ஒழுங்கும் வேண்டும். அவ்வொழுங்கிற்குச் சான்று கூறுவனவற்றுள் தலையாயது திருக்கோயிலே.

தேவார மூவரும் பாடிய தலம் திருநாகைக் காரோணம். சுந்தரமூர்த்தி நாயனார் தம் பதிகத்தில் இறைவனிடம் தோழமை உரிமையோடு கேட்கும் பொருள்களை நோக்குக: முத்தாரம், வயிரக்கோவை, கத்தூரி, மணமிக்க சாந்து, பட்டாடை, விரைந்து செல்லும் குதிரை. இவற்றுட் பல, கடல்வழி வரும் அரும்பொருள்கள். துறைமுக நகரில் கோயில் கொண்ட பெருமானிடம் கேட்கத்தக்கவற்றையே நம்பியாரூரர் கேட்டார் என்று கொள்வதில் தவறில்லை. கிடைத்த மீன்களுள் ஒன்றை நாள்தோறும் சிவனுக்கென்று கடலில் விட்டு, பொன்மீன் அகப்பட்டபோதும் அதனையே விட்ட அதிபத்த நாயனாரும் இந்நகர்ப் பரதவர் தலைவரே.

முதலாம் இராசராசன் காலத்தில் நாகை, சத்திரியசிகாமணி வளநாட்டுப் பட்டனக் கூற்றத்தில் அடங்கியிருந்தது. ஸ்ரீவிசய மன்னன் மாறவிசயோத்துங்கவர்மன், தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் இங்கொரு பௌத்த விகாரம் எடுப்பித்தான். சிவபாதசேகரன் என்று பெயர் பூண்ட இராசராசன், தன் 21-ஆம் ஆட்சியாண்டில் அவ்விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக அளித்தான். நிலம் 97 வேலிக்குச் சற்று மிகுதி. அதனின்று வரவேண்டிய நெல் 8,943 கலத்துக்கும் மேல். இக்கொடையைக் கூறும் 21 செப்பேடுகளும் பிற்காலத்தில் ஆலந்து நாட்டு லெய்டன் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டமையால் லெய்டன் செப்பேடுகள் எனப் பெயர் பெற்றன.

சோழன் விகாரத்திற்குக் கொடுத்தான். கடாரத்தார் சிவன்கோயிலுக்குக் கொடுத்தனர். இராசேந்திரன் ஆட்சியின் தொடக்க ஆண்டுகளில், ஸ்ரீவிசய, கடார மன்னர்களின் முகவர்கள் நாகை அழகர் என்னும் வெள்ளித் திருமேனிக்கு அணிகலன்களும், கோயிலுக்கு விளக்குகளும் வழங்கியதைக் காரோணத்துக் கல்வெட்டுகள் அறிவிக்கின்றன. அணிகளுக்குக் கொடுத்தது சீனப்பொன். இஃது நிகழ்ந்து ஒரு தலைமுறை செல்லுமுன், ஏறத்தாழ 1025-இல், அதே இராசேந்திரனின் கடற்படை கடாரத்தைத் தாக்கியது! போர் மூண்டதன் காரணம் வாணிகப் போட்டியோ, புகழ் வேட்கையோ, ஆய்வாளர் ஒருமித்துக் கூறிலர். ஆனால் கொடைக் கல்வெட்டுகள் கோயிற் சுவரிலேயே இருந்தன, எவரும் பெயர்த்தெறியவில்லை. 1090-இல் கடாரத்து மன்னனின் தூதுவர் இருவர் வந்து வேண்ட, சுங்கம் தவிர்த்த சோழனாகிய முதற் குலோத்துங்கன் விகாரத்தின் நிலங்களுக்கு வரிவிலக்கு அளித்துப் புதிய செப்பேடு தந்தான். படையினால் முறிந்த உறவு அறத்தினால் மீண்டும் ஒட்டியதைக் காண்கிறோம்.

பின்வந்த ஆட்சிகளைச் சுருங்கக் கூறலாம். போர்ச்சுகீசியரிடமிருந்து 1658-இல் நகரைக் கைப்பற்றிய டச்சுக்காரர், 1690-இல் தம் சோழமண்டலக் கரை அரசின் தலைமையிடத்தைப் பழவேற்காட்டிலிருந்து இங்கு மாற்றினர். 1781-இல் ஆங்கிலேயர் இதனைப் பிடித்தனர். 1799 முதல் 1845 வரை தஞ்சை மாவட்டத் தலைமையிடமாக இருந்த நாகையில், 1866-இல் நகராட்சி ஏற்பட்டது. மறு ஆண்டே, சூளாமணி விகாரத்தின் எஞ்சிய கோபுரம் இடிக்கப்பட்டது; அரசின் இசைவோடு நிகழ்ந்த அச்செயலை நினைத்து இன்றும் வருந்த வேண்டியிருக்கிறது. அண்டை ஊராகிய நாகூரில், தர்காவின் 131 அடி உயர மனாரைத் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மர் எழுப்பினார் என்பதையும் இங்கு உடன் கருதல் தகும்.

1861-இல் தஞ்சைக்கு இருப்புப்பாதை அமைந்தது. நெல்லும் துணியும், பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பிழைப்புத் தேடிச் சென்றோரும் இத்துறையினின்றே கடல் கடந்தனர். ஆழ்துறைகள் பிற ஊர்களில் வளர வளர நாகையின் வாணிகம் மெலிந்தது. 1985-இல் எம்.வி. சிதம்பரம் கப்பல் தீவிபத்துக்குள்ளானபின் கீழ்நாடுகளுக்குச் சென்ற பயணிக் கப்பலும் நின்றது. 1991-இல் நாகை தனி மாவட்டத் தலைநகராயிற்று. 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில் தமிழகத்திலேயே பேரிழப்பு அடைந்ததும் இம்மாவட்டமே. 2023 அக்டோபரில் இங்கிருந்து ஈழத்துக் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் மீண்டும் புறப்பட்டது.