இடுப்புக்குழிக் கட்டிகளும் மீயொலி ஆய்வும்

பெண்களின் அடிவயிற்றில் கட்டி இருப்பதாகத் தெரிந்தால் முதலில் செய்ய வேண்டிய பரிசோதனை மீயொலி ஸ்கேன். கட்டி கருப்பையில் இருக்கிறதா, சினைப்பையிலா, உள்ளே இருப்பது நீரா, கெட்டிச் சதையா என்பதைக் கத்தி வைக்காமலே அது சொல்லிவிடுகிறது.

இதன் தொடக்கம் கிளாஸ்கோவில். மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்டு 1955இல், அறுவையில் எடுத்த நார்க்கட்டிகளையும் சினைப்பை நீர்க்கட்டிகளையும் காரில் ஏற்றிக்கொண்டு ரென்ஃப்ரூவில் இருந்த கொதிகலன் ஆலைக்குப் போனார். உலோகத்தில் விரிசல் கண்டுபிடிக்கும் கருவியை அவற்றின் மேல் வைத்துப் பார்த்தார். ஒப்பிட ஒரு துண்டு மாட்டிறைச்சியும் இருந்தது. நீர்க்கட்டியும் நார்க்கட்டியும் வெவ்வேறு எதிரொலி தந்தன. பிறகு பொறியாளர் டாம் பிரவுன் உடலைப் படமெடுக்கும் கருவியை உருவாக்கினார். இவர்களும் ஜான் மக்விக்காரும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1958இல் 'லான்செட்' இதழில் வந்தது. அறுவைக்கு அப்பாற்பட்ட இரைப்பைப் புற்று என்று முடிவு கட்டப்பட்டிருந்த ஒரு பெண்ணுக்கு இருந்தது பெரிய சினைப்பை நீர்க்கட்டி என்று ஸ்கேன் காட்டியது. அதை அகற்றியதும் அவர் பிழைத்தார். இந்த முறையின் மதிப்புக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வயிற்றின் மேலாகப் பார்க்கச் சிறுநீர்ப்பை நிரம்பியிருக்க வேண்டும். பிறப்புறுப்பு வழியாகப் பார்க்கக் காலியாக இருக்க வேண்டும். இரண்டாவது முறையில் கருவி சினைப்பைக்கு அருகில் செல்வதால் படம் துல்லியமாக வரும். ஆனால் தொப்புள் வரை வளர்ந்த கட்டியை முழுதாகக் காண முதல் முறைதான் உதவும்.

மெல்லிய சுவரும் உள்ளே கருமையும் இருந்தால் சாதாரண நீர்க்கட்டி. மாதவிடாய் நிற்காத பெண்களுக்கு 5 செ.மீ.க்கு உட்பட்டவை பெரும்பாலும் தாமாகவே கரைந்துவிடும். பழைய ரத்தம் தேங்கிய சாக்லேட் சிஸ்ட்டின் உட்புறம் தேய்த்த கண்ணாடிபோல் ஒரே சீராக மங்கியிருக்கும். டெர்மாய்டு கட்டியில் கொழுப்பும் முடியும் வெண்மையாகத் தெரிந்து, பின்னால் நிழல் விழும்.

ஐயோட்டா என்ற பன்னாட்டு ஆய்வுக்குழு 2008இல் எளிய விதிகளை வெளியிட்டது. ஒழுங்கற்ற கெட்டிக் கட்டி, வயிற்றில் நீர்கோப்பு, நான்குக்குக் குறையாத உள்முளைகள், மிகுந்த ரத்த ஓட்டம் ஆகியவை அதில் புற்றுக்கான அடையாளங்கள். ஆனாலும் புற்று என்று உறுதிசெய்வது திசு ஆய்வே.

சினைப்பை முறுக்கிக்கொள்ளும்போது கவனம் கூடுதலாகத் தேவை. ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனில் ஓட்டம் தெரிந்தாலும் முறுக்கு இல்லை என்று சொல்லிவிட முடியாது. திடீர் வலியும் வாந்தியும் வீங்கிய சினைப்பையும் சேர்ந்திருந்தால், டாப்ளர் படம் எப்படி இருந்தாலும் அறுவையைத் தள்ளிப்போடக் கூடாது.