பசுமைக் குடியிருப்பில் யாருக்கு இடம்? கலப்புப் பயன்பாட்டு வளாகங்களும் சாதியத் தொலைவும்

நகர்ப்புறக் குடியிருப்பு வளாகங்களைப் பற்றிய இன்றைய பேச்சில் ‘கலப்புப் பயன்பாடு’, ‘வளங்குன்றாமை’ என்னும் இரு சொற்கள் தவறாமல் இடம்பெறுகின்றன. வீடு, கடை, பணியிடம், பள்ளி, மருத்துவமனை, பூங்கா ஆகியவை ஒரே வளாகத்திலோ நடந்து செல்லும் தொலைவிலோ அமைவது கலப்புப் பயன்பாடு. அந்த வளாகம் நீரையும் மின்சாரத்தையும் நிலத்தையும் அடுத்த தலைமுறைக்கும் எஞ்சுமாறு பயன்படுத்துவது வளங்குன்றாமை. இரண்டும் ஒன்றையொன்று தாங்குபவை. வேலையும் வீடும் அருகருகே இருந்தால் பயணம் குறைகிறது. பயணம் குறைந்தால் எரிபொருளும் புகையும் குறைகின்றன.

கட்டடங்களைத் தரமிடும் அமைப்புகள் இந்தியாவில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் செயல்பட்டு வருகின்றன. 2001இல் இந்தியப் பசுமைக் கட்டடக் கழகம் தொடங்கப்பட்டது. ‘கிரிஹா’ என்னும் தேசியத் தரமுறை 2007இல் நடைமுறைக்கு வந்தது. இவற்றின் மையத்தில் இருப்பவை மின்சாரச் சேமிப்பு, மழைநீர்ச் சேகரிப்பு, கட்டுமானப் பொருள், கழிவு மேலாண்மை ஆகியவை. இவை தேவையானவையே. ஆனால் வளாகத்திற்குள் வாழ அனுமதிக்கப்படுவோர் யார், வெளியே நிறுத்தப்படுவோர் யார், உள்ளே சேரும் கழிவை யாருடைய கை அகற்றுகிறது என்னும் கேள்விகளுக்கு விடை காணாமல் வளங்குன்றாமையை அளந்துவிட முடியாது. ஊர், சேரி என்று வாழிடத்தைப் பிரித்த சமூகத்தில் தொலைவு என்பது வெறும் கிலோமீட்டர்க் கணக்கு அன்று.

இந்தூரின் அரண்யா: கலப்பைத் திட்டமிட்ட குடியிருப்பு

மத்தியப் பிரதேசத்தின் இந்தூர் நகரில் 1980களில் உருவான அரண்யா குடியிருப்பு, இத்துறையில் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டப்படும் திட்டமாகும். இந்தூர் வளர்ச்சி ஆணையத்திற்காகக் கட்டடக் கலைஞர் பாலகிருஷ்ண தோஷியும் அவரது வாஸ்து சில்பா அறக்கட்டளையும் இதை வடிவமைத்தனர். ஏறத்தாழ 85 ஹெக்டேர் நிலத்தில் 6,500 மனைகள் அளவில் திட்டமிடப்பட்டது. அவற்றில் 65 விழுக்காடு பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கானவை. இத்திட்டம் 1995இல் ஆகா கான் கட்டடக்கலை விருது பெற்றது. தோஷிக்கு 2018இல் பிரிட்ஸ்கர் விருது வழங்கப்பட்டது.

அரண்யாவில் முழு வீடு கட்டித் தரப்படவில்லை. நலிந்த பிரிவினர்க்குச் சுமார் 35 சதுர மீட்டர் மனையும் அடித்தளமும் கழிப்பறை, குழாய் அடங்கிய ஒரு பகுதியும் வழங்கப்பட்டன. கையில் பணம் சேரச்சேர அறையும் மாடியும் குடும்பத்தாரே கட்டிக்கொள்ளலாம். எவ்வாறு கட்டலாம் என்பதைக் காட்ட 80 மாதிரி வீடுகள் எழுப்பப்பட்டன. வாசலை ஒட்டிய திண்ணை, தையல், சிறுவணிகம், கைத்தொழில் ஆகியவற்றுக்கு இடமளித்தது. குடியிருப்பு ஆறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, நடுவே கடைகளும் பொதுக் கட்டடங்களும் கொண்ட முதுகெலும்புத் தெரு அமைக்கப்பட்டது. வீட்டிலிருந்து அத்தெருவுக்கு நடந்தே சென்றுவிடலாம்.

இதற்கான பணக் கணக்கும் கவனிக்கத்தக்கது. வசதி படைத்தோருக்கான பெரிய மனைகளும் வணிக மனைகளும் கூடுதல் விலைக்கு விற்கப்பட்டன. அந்த உபரி, ஏழைகளுக்கான மனைகளின் செலவைத் தாங்கியது. ஆகவே கலப்பு என்பது இங்கே அழகியல் விருப்பமாக மட்டும் இருக்கவில்லை. திட்டத்தின் நிதி ஆதாரமாகவும் இருந்தது. ஏழைகளைத் தனியே ஒரு மூலையில் குடியமர்த்தியிருந்தால் அந்த உபரி இத்திட்டத்திற்குள் பிறந்திருக்காது.

அரண்யாவுக்கும் எல்லை உண்டு. அங்கே திட்டத்தின் அலகு வருமானமே. வருமானப் பிரிவுகளைக் கலப்பதால் சாதிகள் தாமாகக் கலந்துவிடும் என்று கொள்ள இயலாது. ஒரே வருமானம் உடைய இரு குடும்பங்களுள் ஒன்றுக்கு வாடகை வீடு கிடைப்பதும் மற்றொன்றுக்கு மறுக்கப்படுவதும் இந்திய நகரங்களின் அன்றாட நடைமுறை.

சென்னை அறிந்திருந்த வழி

இத்தகைய திட்டம் தமிழ்நாட்டிற்குப் புதிதன்று. அரண்யாவுக்கு முன்பே, 1977இல் உலக வங்கிக் கடனுதவியுடன் தொடங்கிய சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டத்தின் கீழ் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் ‘மனையும் அடிப்படை வசதியும்’ என்னும் முறை கையாளப்பட்டது. சிறிய மனைகள் பெரும்பான்மையாகவும், அவற்றுடன் நடுத்தர, உயர் வருவாய்ப் பிரிவினரின் மனைகளும் கடைகளுக்கான இடங்களும் கலந்தும் அமைக்கப்பட்டன. வணிக மனைகளின் விற்பனை வருவாய், சிறிய மனைகளின் விலையைக் குறைக்க உதவியது.

இவ்வகைத் திட்டங்கள் மெதுவாக நிரம்புகின்றன என்றும் போதிய பயன் தரவில்லை என்றும் பின்னாளில் கருதப்பட்டு, உலக வங்கியே இவற்றிலிருந்து விலகியது. ஆனால் ஆய்வாளர்கள் சென்னைக்கும் மும்பைக்கும் திரும்பச் சென்று நடத்திய, 2018இல் வெளியான ஆய்வு வேறொரு முடிவைத் தந்தது. தோல்வி எனக் கருதப்பட்ட அந்தப் பகுதிகள், பல்வேறு வருமானத்தினர் சேர்ந்து வாழும் உயிர்ப்புள்ள குடியிருப்புகளாக வளர்ந்திருந்தன. மனைகள் பல அளவுகளில் இருந்ததும், தெருவும் வடிகாலும் முன்கூட்டியே ஒழுங்காக அமைந்ததும் இதற்கு உதவின.

அரசு அந்த வழியில் தொடரவில்லை. 1970இல் உருவான தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம், தொடக்கத்தில் மக்கள் வாழ்ந்த இடத்திலேயே அடுக்குமாடிகளைக் கட்டித் தருவதில் கருத்துச் செலுத்தியது. 2000ஆம் ஆண்டையொட்டி நிலைமை மாறியது. நகரின் தென்விளிம்பில் கண்ணகி நகரும், பின்னர் செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் எழுந்தன. மூன்றிலும் சேர்த்து ஏறத்தாழ ஐம்பதாயிரம் வீடுகள் உள்ளன. கூவம், அடையாறு கரைகளிலிருந்தும் நகரின் பிற குடிசைப்பகுதிகளிலிருந்தும் அகற்றப்பட்ட குடும்பங்கள், நகர மையத்திலிருந்து ஏறத்தாழ 20 முதல் 30 கிலோமீட்டர் தொலைவில் குடியமர்த்தப்பட்டன. அவர்களுள் தலித்துகள் கணிசமானோர். வாரியத்தின் பெயர் 2021இல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என மாற்றப்பட்டது. பெயரில் ‘வாழ்விடம்’ வந்துவிட்டது. ஆயினும் வாழ்வாதாரம் கூவக் கரைக்கு அருகிலேயே தங்கிவிட்டது.

வீட்டு வேலை செய்யும் பெண், மீன் விற்பவர், சுமை தூக்குபவர், தூய்மைப் பணியாளர் ஆகியோரின் தொழில் இடத்தைச் சார்ந்தது. விடியற்காலையில் பணிக்குச் சேர வேண்டியவர்க்கு இருபது கிலோமீட்டர் என்பது பேருந்துக் கட்டணமும் இழந்த உறக்கமும், பல வேளைகளில் இழந்த வேலையுமாகும். பள்ளியை இடையில் விட்ட பிள்ளைகளும் இக்கணக்கில் சேர்வர். சூழலியல் நோக்கிலும் இது நட்டமே. நடந்து பணிக்குச் சென்ற ஆயிரக்கணக்கானோரை நாள்தோறும் நெடுந்தொலைவு பயணிக்கச் செய்யும் திட்டத்தை வளங்குன்றாத் திட்டம் என்று எந்த அளவுகோலும் கூறாது.

நிலத் தேர்வும் இதே கதையைச் சொல்கிறது. இக்குடியிருப்புகள் பள்ளிக்கரணைச் சதுப்புநிலச் சூழலை ஒட்டி அமைந்தவை. வெள்ளநீரை உள்வாங்கும் அந்தச் சதுப்புநிலம் 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. செம்மஞ்சேரியைப் பெருமழைக் காலங்களில் பலமுறை வெள்ளம் சூழ்ந்துள்ளது. 2015 வெள்ளத்திற்குப் பின் ஆற்றங்கரைக் குடும்பங்களை வெள்ள ஆபத்திலிருந்து காப்பதாகக் கூறி அகற்றிய அரசு, அவர்களைக் கொண்டுசேர்த்த இடம் மற்றொரு தாழ்நிலம். அதே வழித்தடத்தில் தகவல் தொழில்நுட்ப வளாகங்களும் உயர்விலை அடுக்குமாடிகளும் உள்ளன. தொலைவிலிருந்து பார்த்தால் அது கலப்புப் பயன்பாட்டுப் பகுதி போலத் தோன்றும். அருகே சென்றால் சுற்றுச்சுவர்கள் தெரியும்.

சுவருக்குள் யார்?

புதுதில்லி தலைநகர் வட்டாரத்தில் எஸ். கே. தோரட்டும் உடன் ஆய்வாளர்களும் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வு, வாடகை வீடு தேடும் தலித்துகளும் முஸ்லிம்களும் தொலைபேசியிலும் நேரிலும் மறுப்பையோ நியாயமற்ற நிபந்தனைகளையோ எதிர்கொள்வதைக் காட்டியது. தமிழ்நாட்டில் ‘சைவம் மட்டும்’ என்னும் பலகை என்ன வேலை செய்கிறது என்பதை விளக்கத் தேவையில்லை.

சட்டம் இதில் முற்றிலும் மௌனமாக இல்லை. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, எந்தப் பகுதியிலும் குடியிருப்பு இடத்தைக் கட்டுவதையோ பெறுவதையோ அதில் குடியிருப்பதையோ தீண்டாமையின் காரணமாகத் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. ஆனால் மறுப்பவர் காரணத்தைக் கூறுவதில்லை. ‘வீடு முடிந்துவிட்டது’ என்கிறார். மறுப்பை நடைமுறையில் நிறுவுவது மறுக்கப்பட்டவருக்குக் கடினமாகிறது.

மறுபுறம், உச்ச நீதிமன்றம் 2005இல் ஜொராஸ்ட்ரியன் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்க வழக்கில், உறுப்பினர் தகுதியைப் பார்சி சமூகத்தினர்க்கு மட்டும் வரையறுத்த துணைவிதி செல்லும் என்று தீர்ப்பளித்தது. சிறுபான்மைச் சமூகம் ஒன்று தன் அடையாளத்தைக் காக்க முனைந்த வழக்கு அது. எனினும், தனியார் வீட்டுவசதிச் சங்கத்தின் மீது அடிப்படை உரிமைகளை நேரடியாகச் செலுத்த இயலாது என்னும் அதன் தருக்கம், ஆதிக்க சாதிகளின் சங்கங்களுக்கும் நிழல் தரக்கூடியது.

கழிவை அகற்றும் கை

2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, 20,000 சதுர மீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட கட்டுமானப் பரப்பு கொண்ட திட்டங்களுக்கு முன்அனுமதி தேவை. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட வளாகங்கள் குப்பையைப் பிரித்துக் கையாள வேண்டும் என்றன. பெரிய வளாகங்கள் தமக்கெனக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தையும் வைத்திருக்கின்றன. சுத்திகரித்த நீர் பூங்காவுக்குச் செல்கிறது. விளம்பரக் கையேட்டில் அது பசுமைச் சாதனையாக அச்சாகிறது.

அந்த நிலையத்தின் தொட்டிகளில் சேறு படிகிறது, குழாய் அடைக்கிறது, மோட்டார் பழுதாகிறது. மூடிய தொட்டிக்குள் ஹைட்ரஜன் சல்பைடும் மீத்தேனும் தேங்குகின்றன. உள்ளே இறங்குபவர் சில நொடிகளில் மயங்கி விழுகிறார். அவரைத் தூக்க இறங்குபவரும் மடிகிறார். இவ்வாறு இறப்போர் பெரும்பாலும் தலித்துகளே. நகராட்சியின் பாதாளச் சாக்கடையில் நிகழ்ந்த சாதியக் கொடுமை இப்போது தனியார் வளாகத்தின் அடித்தளத்திற்கும் இடம்பெயர்ந்துள்ளது. ஒப்பந்ததாரர், துணை ஒப்பந்ததாரர் என்று நீளும் சங்கிலியில் பொறுப்பு கரைந்துபோகிறது.

மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, சாக்கடையிலோ மலக்குழியிலோ அபாயகரமான தூய்மைப் பணிக்கு ஆளமர்த்துவதை உள்ளாட்சிக்கு மட்டுமின்றி எந்தத் தனிமனிதருக்கும் எந்த முகமைக்கும் தடைசெய்கிறது. முதன்முறை மீறலுக்கே ஈராண்டு வரை சிறையோ இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். இத்தகைய இறப்புக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2014இல் 10 இலட்சம் என்று வகுத்து, 2023 அக்டோபரில் 30 இலட்சமாக உயர்த்தியது. ஆகவே மனிதர் இறங்காமல் தூய்மைப்படுத்த இயலாத தொட்டியை வரைபடத்தில் அனுமதிப்பது, குற்றத்தை முன்கூட்டியே கட்டிவைப்பதற்கு ஒப்பாகும்.

கேட்க வேண்டியவை

ஒரு வளாகம் வளங்குன்றாதது என்று அறிவிக்கப்படும்போது களப்பணியாளர்களும் மாணவர்களும் சில விவரங்களைக் கோரிப் பெறலாம்.

அந்த நிலத்தில் முன்பு வாழ்ந்தோர் யார், அவர்கள் எங்கே குடியமர்த்தப்பட்டனர்? சிறிய வீடுகளும் மனைகளும் மொத்தத்தில் எவ்வளவு? அவை அதே தெருவில் உள்ளனவா, பின்சுவருக்கு அப்பால் தள்ளப்பட்டுள்ளனவா? கடைகளின் ஒதுக்கீட்டில் பட்டியல் சாதியினர்க்குப் பங்கு உண்டா? வளாகத்தில் பணிபுரியும் தூய்மைப் பணியாளர், காவலர், வீட்டுப் பணியாளர் ஆகியோர் எவ்வளவு தொலைவிலிருந்து வருகின்றனர்? சுத்திகரிப்பு நிலையத்தைப் பராமரிக்கும் ஒப்பந்தம் யாரிடம் உள்ளது. அதில் எந்திரத் தூய்மைப்பணி கட்டாயமாக்கப்பட்டுள்ளதா?

சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற திட்டங்கள் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை நிபந்தனை நிறைவேற்ற அறிக்கையை அளிக்க வேண்டும். அவை பொது ஆவணங்கள். வீட்டு ஒதுக்கீட்டுப் பட்டியலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே வாரியத்திடம் கோரலாம்.

அண்ணல் அம்பேத்கர், சாதியின் பிடி இறுகிய கிராமத்தைவிட்டு நகரை நோக்குமாறு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அறிவுறுத்தினார். நகரம் விடுதலை தரும் என்பதே அவரது நம்பிக்கை. நகர விளிம்பில் ஒற்றை வர்க்கக் குடியிருப்புகளை எழுப்பி, நடுவில் சுவரெழுப்பிய பசுமை வளாகங்களை அனுமதிப்பது அந்த நம்பிக்கையைக் கிராமத்தின் வரைபடத்திற்குள் மீண்டும் அடைப்பதாகும். அரும்பாக்கமும் வில்லிவாக்கமும் காட்டிய வழி அரசின் கோப்புகளிலேயே இருக்கிறது. அடுத்த வெளியேற்ற அறிவிப்பு ஒட்டப்படுவதற்கு முன் அதை எடுத்து மேசைமேல் வைப்பது நம் பணி.