ஆக்டோபஸ் (புதினம்)

ஆக்டோபஸ்: ஒரு கலிபோர்னியக் கதை என்பது அமெரிக்க எழுத்தாளர் பிராங்க் நோரிஸ் (1870–1902) எழுதிய புதினம் ஆகும். 1901 ஆம் ஆண்டில் வெளியான இது, அமெரிக்க இயற்பண்புவாத இலக்கியத்தின் முக்கிய படைப்புகளுள் ஒன்றாகக் கருதப்படுகின்றது. மரபுவழி, சூழல், பொருளியல் ஆகிய ஆற்றல்களே மனித வாழ்வைத் தீர்மானிக்கின்றன என்பது இயற்பண்புவாதத்தின் அடிப்படைக் கருத்து. கண்ணுக்குப் புலப்படாத அவ்வாற்றல்களுக்கு உருவம் கொடுப்பதற்கு இப்புதினம் குறியீடுகளைப் பயன்படுத்துகின்றது.

பின்னணி

கலிபோர்னியாவின் சான் வாக்கீன் பள்ளத்தாக்கில், மசல் சுலூ என்னும் இடத்தில் 1880 மே 11 அன்று நிகழ்ந்த மோதல் இக்கதைக்கு அடிப்படையாக அமைந்தது. நில உரிமை தொடர்பாக, அங்கு குடியேறிய உழவர்களுக்கும் சதர்ன் பசிபிக் தொடருந்து நிறுவனத்தின் தரப்பினருக்கும் இடையே நடந்த துப்பாக்கிச் சண்டையில் ஏழு பேர் உயிரிழந்தனர். புதினத்தில் இந்நிறுவனம் கற்பனைப் பெயரில் இடம்பெறுகின்றது.

குறியீடுகள்

* ஆக்டோபஸ்: எட்டுக் கைகளால் இரையைப் பற்றும் கடல்வாழ் உயிரினம். மாநிலம் முழுவதும் பரவிய தொடருந்துப் பாதைகளை இது குறிக்கின்றது. 1882 இல் வாஸ்ப் இதழில் வெளியான கெல்லரின் கேலிச்சித்திரமும் இந்நிறுவனத்தை ஆக்டோபஸாகவே காட்டியது.
* தொடருந்துப் பொறி: முதல் அத்தியாயத்தில், பாதையில் ஏறிவிட்ட ஆட்டு மந்தையைப் பொறி நசுக்கிச் செல்கின்றது. உழவர்களுக்கு நேரவிருக்கும் அழிவை இக்காட்சி முன்னுணர்த்துகின்றது.
* கோதுமை: மனிதர்களின் வெற்றி தோல்விகளைப் பொருட்படுத்தாமல் விளையும் இயற்கை ஆற்றலின் குறியீடு.

பொறுப்பு பற்றிய கேள்வி

கோதுமையும் தொடருந்தும் ஆற்றல்கள். அவற்றின் விளைவுகளுக்கு மனிதர் பொறுப்பல்லர் என நிறுவனத் தலைவர் செல்கிரிம் வாதிடுகின்றார். கவிஞர் பிரெஸ்லியால் இதற்கு மறுமொழி கூற இயலவில்லை. குறியீட்டு முறையின் சிக்கல் இங்கு வெளிப்படுகின்றது. நிறுவனத்தை ஒரு கொடிய உயிரினமாகக் காட்டும்போது அதன் வலிமை தெளிவாகப் புலப்படுகின்றது. ஆனால் விலங்கைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த முடியாது. ஆகவே நிலத்தின் விலையை உயர்த்தியவர்களும் அதனால் பயனடைந்தவர்களும் அவ்வுருவத்தின் பின்னே மறைந்துவிடுகின்றனர்.

எனினும் நிறுவனத்தின் முகவரான பேர்மனின் முடிவு வேறொரு பொருளையும் தருகின்றது. சட்டமும் வெடிகுண்டும் தீண்ட முடியாத அவர், தாம் கைப்பற்றிய நிலத்தில் விளைந்த கோதுமை கப்பலின் அடித்தளத்தில் கொட்டப்படும்போது அதற்குள் புதைந்து இறக்கின்றார். இந்தியாவின் பஞ்சத்தில் வாடுவோருக்காக அக்கப்பல் புறப்படுகின்றது. இது தற்செயலா, நீதியா என்பது வாசகரின் முடிவுக்கு விடப்பட்டுள்ளது.

தொடர்ச்சி

கோதுமையைப் பற்றிய முப்புதினத் தொகுதியின் முதல் நூல் இது. இரண்டாம் நூலான த பிட், நோரிஸ் இறந்த பின்னர் 1903 இல் வெளியானது. மூன்றாம் நூல் எழுதப்படவில்லை.